நன்னீர் மீன்களும் ரசாயன நச்சும்: 96 மணி நேரச் சோதனை

திருவனந்தபுரம் நகரின் தென்புறத்தில் வெள்ளாயணிக் காயல் அமைந்துள்ளது. காயல் என்னும் பெயர் கேரளத்தில் பெரும்பாலும் உப்புநீர் கலந்த கழிகளுக்கே வழங்குமாயினும், வெள்ளாயணி ஒரு நன்னீர் ஏரியாகும். சாஸ்தாங்கோட்டை, பூக்கோடு ஆகியவற்றுடன் இதுவும் கேரளத்தின் முக்கியமான நன்னீர் ஏரிகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. இதன் சுற்றுப்புறத்தில் வாழையும் காய்கறிகளும் பயிராகின்றன. குடிநீர்த் திட்டங்களுக்கு இதிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது. அதே நீரில் மீனவர்கள் வலை வீசுகின்றனர். 1955-ல் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரியும் இதன் அருகிலேயே இருக்கிறது. பயிருக்குத் தெளிக்கப்படும் மருந்தில் ஒரு பகுதி மழைநீரோடு வழிந்து எங்கே போய்ச் சேரும் என்பதை இத்தகைய இடத்தில் எளிதில் ஊகிக்கலாம்.

பூச்சியைக் கொல்லும் பொருள் மீனை என்ன செய்யும்? எவ்வளவு கலந்தால் மீன் இறக்கும்? எவ்வளவு நேரத்தில் இறக்கும்? இக்கேள்விகளுக்கு அனுமானத்தால் விடை கூறுவது பயன்தராது. அளந்து பார்த்தே விடை காணவேண்டும். அவ்வாறு அளப்பதற்கென வகுக்கப்பட்ட முறையே குறுகிய கால நச்சுத்தன்மைச் சோதனை. இம்முறை எவ்வாறு நடத்தப்படுகிறது, அதில் கிடைக்கும் எண்ணுக்கு என்ன பொருள், அந்த எண்ணை எவ்விடத்தில் நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

சோதனையின் தோற்றம்

நீரில் சில பொருள்களைக் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும் என்பது பழங்காலத்திலிருந்தே மக்கள் அறிந்த செய்தி. காக்கைக்கொல்லி விதையும் நேர்வாளமும் இதற்குப் பயன்பட்டு வந்தன. இவ்வாறு நஞ்சிட்டு மீன் பிடிக்கும் வழக்கத்தைத் தடுக்கவே 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தில் ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. மீன் வளர்ப்புத் துறையினரோ இதே அறிவை நல்வழியில் பயன்படுத்தினர். குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள விரால், கெளுத்தி போன்ற இரைவிழுங்கி மீன்களை நீக்க, லிட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை இலுப்பைப் பிண்ணாக்கை இடுவது வழக்கம். அதிலுள்ள சபோனின் என்னும் பொருள் மீனைக் கொல்கிறது. இரண்டு அல்லது மூன்று வாரங்களில் அந்த நஞ்சு சிதைந்து, பிண்ணாக்கு குளத்திற்கு எருவாகிவிடுகிறது. அளவு, காலம் ஆகிய இரண்டையும் அறிந்து பயன்படுத்தினால் நஞ்சும் ஒரு கருவியாகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

விஞ்ஞான ரீதியான அளவீடு இருபதாம் நூற்றாண்டில் உருவாயிற்று. 1927-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி டிரெவன், மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடுவதற்கு, பரிசோதனைப் பிராணிகளில் பாதியைக் கொல்லும் அளவைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். எல்லாப் பிராணிகளையும் கொல்லும் அளவையோ, ஒன்றையும் கொல்லாத அளவையோ கண்டறிய முயன்றால், கூட்டத்தில் மிகவும் வலிமையுடைய அல்லது மிகவும் வலிமையற்ற ஒரே ஒரு பிராணியைப் பொறுத்து விடை மாறிவிடும். பாதி என்னும் நடுப்புள்ளியோ இவ்வாறு எளிதில் மாறுவதில்லை. 1951-ல் டௌடொரோஃப் என்பவரும் அவருடைய சகாக்களும், தொழிற்சாலைக் கழிவுநீரை மீன்களைக் கொண்டு சோதிக்கும் முறையை அமெரிக்காவில் ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். இந்தியாவில் இதற்கான தர நிர்ணயம் 1971-ல் ஐ.எஸ். 6582 என்ற எண்ணுடன் வெளிவந்தது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 1981-ல் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய 203-ம் எண் வழிமுறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

ஒரு குறிப்பிட்ட காலத்திற்குள் சோதனை மீன்களில் பாதியைக் கொல்லக்கூடிய செறிவுக்குப் பாதிக்கொல் செறிவு என்று பெயர். பொதுவாக 96 மணி நேரம், அதாவது நான்கு நாட்கள், இதற்கு அளவாகக் கொள்ளப்படுகிறது. வேலை வாரத்தின் ஐந்து நாட்களுக்குள் ஒரு சோதனையைத் தொடங்கி முடிக்க இக்காலம் பொருத்தமாயிருக்கிறது.

டின்னின் மேலுள்ள முக்கோணம் மீனைப் பற்றிக் கூறுவதில்லை

1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்துயர நிகழ்ச்சி நாடெங்கும் கவலையை உண்டாக்கிற்று. பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1968-ல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 1971-ல் வெளியாயின. டின்களின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிறமிட்ட முக்கோணம் அச்சிடும் வழக்கம் அவ்விதிகளால் ஏற்பட்டது.

இந்த நிறங்கள் எதன் அடிப்படையில் தரப்படுகின்றன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பாலூட்டிப் பிராணிகளின் உடலில் வாய்வழியாகவோ தோல்வழியாகவோ சென்றால் எவ்வளவு மருந்து கொல்லும் என்பதே அதன் அடிப்படை. மருந்தைக் கையாளும் மனிதரைக் காப்பதே அதன் நோக்கம். நீரில் வாழும் மீனுக்கு அம்மருந்து எவ்வளவு கொடியது என்பதை அந்த நிறம் தெரிவிப்பதில்லை.

செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகள் இதற்குத் தக்க சான்று. பாலூட்டிகளின் உடல் இவற்றை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். ஆகவே மனிதருக்கு இவை ஒப்பளவில் நச்சுக் குறைந்தவை. மீனின் உடலோ இவற்றை மெதுவாகவே சிதைக்கிறது. செவுள்களின் வழியே இவை எளிதில் உட்புகவும் செய்கின்றன. ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம் அளவே பல மீன் இனங்களைக் கொல்லப் போதுமானது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 2,00,000 லிட்டர் நீர் இருக்கும். அந்நீர் முழுவதும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் செறிவை அடைவதற்கு வேண்டிய நஞ்சு ஒரே ஒரு கிராம். நூற்றுக்குப் பத்துப் பங்கு வீரியமுள்ள சைபர்மெத்ரின் திரவத்தில் ஒரு லிட்டருக்கு 100 கிராம் நஞ்சு உள்ளது. எனவே 10 மில்லிலிட்டர் திரவம், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு, அந்தக் குளத்திற்குப் போதும். உண்மையான குளத்தில் ஒரு பகுதி சேற்றிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்ளுமாதலால் நீரில் தங்கும் அளவு குறையும். எனினும், மருந்து டின்னையும் தெளிப்பானையும் குளத்தில் கழுவலாகாது என்று கூறுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

எந்த மீனைக் கொண்டு சோதிப்பது?

சோதனை மீன் எளிதில் கிடைப்பதாகவும், ஆய்வுச்சாலையில் நலமாக வாழக்கூடியதாகவும், நச்சுக்கு உணர்வுடையதாகவும் இருக்கவேண்டும். உலகின் பல ஆய்வுச்சாலைகளில் பயன்படும் வரிக்குதிரை மீன் இந்திய நீர்நிலைகளுக்கே உரியது. 1822-ல் கங்கை நதி மீன்களைப் பற்றிய நூலில் ஹாமில்டன் இதனை முதன்முதலாக வருணித்தார். இந்தியாவில் ரோகு, கட்லா, மிருகால் ஆகிய கெண்டை இனங்களின் குஞ்சுகளும், 1952-ல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும் சோதனைகளில் பயன்பட்டு வருகின்றன.

பனையேறிக் கெண்டை, விரால் போன்ற மீன்கள் நீரின் மேற்பரப்பிற்கு வந்து காற்றை நேராகச் சுவாசிக்க வல்லவை. ஆகையால் பிராணவாயு குறைந்த நீரிலும் இவை பிழைத்திருக்கும். இவற்றை மட்டும் கொண்டு சோதித்து, ஒரு கழிவுநீர் தீங்கற்றது என்று முடிவு கட்டினால், அதே நீரில் கரிமீனும் கெண்டைக் குஞ்சும் மடியக்கூடும். ஓர் இனத்திற்குக் கிடைத்த எண்ணை மற்றோர் இனத்தின் மேல் ஏற்றிக் கூறுவது தவறு.

மீன்களைப் பிடித்து வந்தவுடன் சோதனைக்கு உட்படுத்தலாகாது. ஏறக்குறைய இரண்டு வாரம் ஆய்வுச்சாலை நீரில் வைத்துப் பழக்கவேண்டும். அக்காலத்தில் ஒரு வாரத்திற்குள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தால் அந்தக் கூட்டத்தையே விலக்கிவிட வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இறந்தால் அக்கூட்டத்தை ஏற்கலாம். சோதனை தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்பே உணவு நிறுத்தப்படும். உணவும் கழிவும் நீரைக் கெடுத்துக் கணக்கைக் குழப்பாதிருக்க இந்த ஏற்பாடு.

நீரின் தன்மை

நஞ்சின் கடுமை நஞ்சை மட்டும் பொறுத்ததன்று. அது கலந்துள்ள நீரையும் பொறுத்தது. இதுவே இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி.

முதலாவது, குளோரின். திருவனந்தபுரம் நகருக்கு அருவிக்கரையிலிருந்து வரும் குழாய்நீர், பிற நகரங்களின் குழாய்நீரைப் போலவே, கிருமி நீக்கம் செய்யப்பட்டது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மனிதருக்குப் பாதுகாப்பளிக்கும் இந்த அளவே மீனுக்கு நஞ்சாகும். ஆகவே குழாய்நீரைத் திறந்த தொட்டியில் வைத்து, ஓரிரு நாள் காற்று ஊட்டி, குளோரின் நீங்கியதைச் சோதித்தறிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, உஷ்ணநிலையும் பிராணவாயுவும். நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி செண்டிகிரேடில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராமே கரையும். மீனின் தேவையோ சூட்டில் மிகுகிறது. அது வேகமாகச் செவுளை அசைத்து அதிக நீரை உட்செலுத்துவதால் நஞ்சும் அதிகமாகப் புகுகிறது. சோதனை முழுவதும் பிராணவாயு அந்த உஷ்ணநிலையில் கரையக்கூடிய அளவில் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறையாதிருக்க வேண்டும். 30 டிகிரியில் இது லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் ஆகும்.

மூன்றாவது, அமில காரநிலை. அம்மோனியா நீரில் இருவகையாக நிலவுகிறது. அவற்றுள் மின்னேற்றம் பெறாத வகையே மீனுக்கு மிகவும் கொடியது. 25 டிகிரியில், நீரின் பி.எச். எண் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கிற்குச் சற்றே மேல்தான் கொடிய வகை. பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டிவிடும். கலந்த அம்மோனியா ஒன்றேயாயினும் அதன் கடுமை ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது.

நான்காவது, நீரின் கடினத்தன்மை. கமுகின் மகாளி நோய்க்கும், ரப்பர், மிளகு ஆகியவற்றின் பூஞ்சண நோய்களுக்கும் கேரளத்தில் போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. ஒரு சத வீதக் கலவையில் 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேரும். மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். ஆகவே ஒரு லிட்டர் கலவையில் ஏறக்குறைய 2.5 கிராம் தாமிரம் உள்ளது. நீரில் கரைந்த தாமிரம் செவுளைத் தாக்கும்போது, அந்நீரில் உள்ள சுண்ணச் சத்து அதனோடு போட்டியிட்டு ஓரளவு தடுக்கிறது. கடின நீரில் இப்பாதுகாப்பு மிகுதி, மென்னீரில் குறைவு. திருவனந்தபுரம் வட்டாரத்தில், வெட்டுக்கல் என்று அங்கு வழங்கும் செம்புரைக்கல் நிலத்தின் கிணற்றுநீர் பெரும்பாலும் மென்னீராகவும் சற்று அமிலச் சார்புடையதாகவும் இருக்கும். சுண்ணாம்புப் பாறை நிலத்தின் கடின நீரில் கண்ட தாமிர எண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால், ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டதாகும்.

இக்காரணங்களால், பாதிக்கொல் செறிவை எழுதும்போது, மீனின் இனம், அளவு, நீரின் உஷ்ணநிலை, பி.எச்., கடினத்தன்மை, பிராணவாயு, சோதனைக் காலம் ஆகிய அனைத்தையும் உடன் எழுதுவது விதி. இவை இல்லாத எண், அலகு எழுதாத எடையைப் போன்றது.

சோதனை நடத்தும் விதம்

முதலில் ஒரு முன்சோதனை நடத்தப்படுகிறது. லிட்டருக்கு 0.1, 1, 10, 100 மில்லிகிராம் எனப் பத்துப் பத்து மடங்காக உயரும் செறிவுகளில் சில மீன்களை விட்டு, எந்த இரண்டிற்கு இடையில் சாவு தொடங்குகிறது என்று காணவேண்டும். பின்னர் அந்த எல்லைக்குள் குறைந்தது ஐந்து செறிவுகளை அமைத்து முழுச் சோதனை தொடங்கும். அடுத்தடுத்த செறிவுகள் சம மடங்கில் உயரவேண்டும்; மடங்கு 2.2-க்கு மேற்படலாகாது. ஒவ்வொரு செறிவிற்கும் குறைந்தது ஏழு மீன்கள் தேவை. பத்து மீன்கள் வைத்தால் கணக்கிடுவது எளிது.

உதாரணமாக, ஒவ்வொரு தொட்டியிலும் 20 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் ரசாயனத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், அந்த மூலக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஒரு மில்லிகிராம் இருக்கும். தொட்டியில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் வேண்டுமாயின், 20-ஐ 4-ஆல் பெருக்கி, 80 மில்லிலிட்டர் மூலக் கரைசல் சேர்க்கவேண்டும். நீர் மாற்றப்படாத தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் மீனின் எடை இருத்தலாகாது. ஆகவே 20 லிட்டர் தொட்டியில் பத்து மீன்கள் விடப்பட்டால், ஒவ்வொன்றும் இரண்டு கிராமுக்கு மேற்படலாகாது.

இவற்றோடு நஞ்சு சேர்க்காத ஒப்பீட்டுத் தொட்டி ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். நீர், மீன், வெளிச்சம், உஷ்ணம் யாவும் மற்றத் தொட்டிகளில் உள்ளவாறே இதிலும் இருக்கும். ரசாயனத்தைக் கரைக்க அசிட்டோன் போன்ற கரைப்பான் பயன்பட்டிருந்தால், அக்கரைப்பானை மட்டும் சேர்த்த தொட்டி ஒன்றும் தனியே வைக்கப்படும். ஒப்பீட்டுத் தொட்டியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் மீன்கள் இறந்தால் சோதனை முழுவதும் செல்லாது. மற்றத் தொட்டிகளில் எவ்வளவு ஒழுங்கான எண்கள் கிடைத்திருப்பினும் அவற்றைத் தள்ளிவிட வேண்டும். ஏனெனில் அம்மீன்கள் நஞ்சினால் இறந்தனவா, நீரின் குறையால் இறந்தனவா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

24, 48, 72, 96 மணி நேர முடிவில் இறந்தவற்றை எண்ணிக் குறிக்கவேண்டும். செவுள் அசைவு நின்று, வாலடியை மெதுவாகத் தொட்டபோதும் மீன் அசையாவிட்டால், அது இறந்ததாகக் கொள்ளப்படும். இறந்ததை உடனே அகற்றவேண்டும். உயிருள்ள மீன்கள் சமநிலை இழந்து சாய்தல், துள்ளுதல், மேற்பரப்பில் வாய்பிளத்தல், நிறம் மாறுதல், மிகுதியான கோழை சுரத்தல் ஆகியவற்றையும் எழுதவேண்டும். நஞ்சு எவ்விதம் வேலை செய்கிறது என்பதற்கு இக்குறிப்புகள் துணையாகும்.

சில ரசாயனங்கள் ஆவியாகும், சில கண்ணாடியில் ஒட்டும், சில சிதைந்துபோகும். அத்தகைய பொருள்களுக்கு நாள்தோறும் கரைசலை மாற்றவேண்டும், அல்லது இடையறாது புதிய கரைசல் ஓடும்படி அமைக்கவேண்டும். நீரில் உண்மையில் உள்ள செறிவு, கணக்கிட்ட செறிவிலிருந்து நூற்றுக்கு இருபதுக்கு மேல் வேறுபட்டால், அளந்தறிந்த எண்ணையே ஆதாரமாகக் கொள்ளவேண்டும்.

கணக்கிடும் முறை

பின்வருவன கணக்குப் பயிற்சிக்காக மட்டும் எடுத்துக்கொண்ட எண்கள். லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் செறிவுள்ள ஐந்து தொட்டிகளில் பத்துப் பத்து மீன்கள் விடப்பட்டன. 96 மணி நேர முடிவில் முறையே 0, 1, 4, 8, 10 மீன்கள் இறந்தன. ஒப்பீட்டுத் தொட்டியில் ஒன்றும் இறக்கவில்லை.

4 மில்லிகிராமில் நூற்றுக்கு 40-ம், 8 மில்லிகிராமில் நூற்றுக்கு 80-ம் இறந்தமையால், 50 என்பது இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. 40-லிருந்து 80-க்குச் செல்லும் தூரத்தில் 50 கால் பங்கில் நிற்கிறது. செறிவு மடங்கு மடங்காக உயர்வதால் அதன் மடக்கையைக் கொண்டே கணக்கிட வேண்டும். 4-ன் மடக்கை 0.602, 8-ன் மடக்கை 0.903. இரண்டின் வித்தியாசமாகிய 0.301-ல் கால் பங்கு 0.075. இதனை 0.602 உடன் கூட்டினால் 0.677. இம்மடக்கைக்கு உரிய எண் 4.75. எனவே பாதிக்கொல் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 4.8 மில்லிகிராம்.

ஆய்வுச்சாலைகளில் புரோபிட் முறையினால் எல்லாத் தொட்டிகளின் எண்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, விடை எந்த எல்லைகளுக்குள் மாறக்கூடும் என்பதையும் காண்பர். விடையோடு அந்த எல்லைகளையும் எழுதுவது நேர்மையான வழக்கம்.

எண்ணின் பொருளும் எல்லையும்

பாதிக்கொல் செறிவு பாதுகாப்பான செறிவன்று. அந்த அளவில் நூறு மீன்களில் ஐம்பது சாகும். அதில் பாதி அளவு கலந்தால் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. மேற்கண்ட பயிற்சிக் கணக்கில் 2 மில்லிகிராமிலேயே ஒரு மீன் இறந்துவிட்டது. அதனினும் குறைந்த அளவில் மீன் சாகாமலே இரை தேடும் திறனையும், முட்டையிடும் ஆற்றலையும் இழக்கலாம். நான்கு நாள் சோதனை இவற்றைக் காட்டாது. உடலில் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சுகளையும் அது முழுமையாகக் காட்டுவதில்லை. ஆகவே, பாதிக்கொல் செறிவில் பத்தில் ஒரு பங்கு, அல்லது நூறில் ஒரு பங்கு எனக் குறைத்து அனுமதிப்பது வழக்கமாயிற்று. இதுவும் நீண்டகாலச் சோதனை கிடைக்கும் வரையில் கைக்கொள்ளும் ஓர் ஏற்பாடே.

ரசாயனங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இந்த எண் பெரிதும் உதவுகிறது. சர்வதேச வகைப்பாட்டின்படி, மீன்களில் 96 மணி நேரப் பாதிக்கொல் செறிவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமோ அதற்குக் குறைவோ ஆனால் அப்பொருள் நீர்வாழ் உயிர்களுக்குக் குறுகிய காலத்தில் மிகக் கொடியதாகிய முதல் வகை. 10 மில்லிகிராம் வரை இரண்டாம் வகை. 100 வரை மூன்றாம் வகை. எண் சிறிதாகச் சிறிதாக நஞ்சு பெரிது என்பதை மறத்தலாகாது. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளிக்கப்பட்டு, 2011-ல் உச்ச நீதிமன்ற ஆணையால் நாடெங்கும் தடைசெய்யப்பட்ட எண்டோசல்ஃபான், மீன்களைப் பொறுத்தவரை மில்லிகிராம் கணக்கில் அன்று, மைக்ரோகிராம் கணக்கில் கொல்லும் பொருளாகும்.

கழிவுநீரைப் பொறுத்தவரை சட்டம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. 1986-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தர நிர்ணயப்படி, நீர் சேர்த்து நீர்க்கச் செய்யாத கழிவுநீரில் விட்ட மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 96 மணி நேரத்திற்குப் பின்னும் உயிருடன் இருக்கவேண்டும். இவ்விதியின் சிறப்பு யாதெனில், கழிவில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லித் தேடவேண்டியதில்லை. பல பொருள்கள் கூடி விளைவிக்கும் மொத்தத் தீங்கை மீனே காட்டிவிடுகிறது.

களத்தில் மீன்கள் இறந்து மிதக்கும்போது

ஆய்வுச்சாலையில் ஒப்பீட்டுத் தொட்டி உண்டு, ஆற்றில் இல்லை. அதனால் களத்தில் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். 2024 மே மாதத்தில் எறணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றின் ஏலூர், எடையார் தொழிற்பகுதியை ஒட்டி ஏராளமான மீன்கள் மடிந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தவர்கள் பெரும் இழப்பிற்கு ஆளாயினர். பாதாளம் மதகுகள் திறக்கப்பட்டபோது பிராணவாயு குறைந்த நீர் பாய்ந்ததே காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருதிற்று. கேரள மீன்வள, பெருங்கடல் ஆய்வுப் பல்கலைக்கழக வல்லுநர்களோ அம்மோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததைக் கண்டனர். காரணம் எது என்பதைப் பொறுத்தே பொறுப்பும் நஷ்ட ஈடும் அமைகின்றன. எனவே முதலில் அவ்விடம் சேரும் களப்பணியாளரின் குறிப்புகள் மிகுந்த மதிப்புடையவை.

பிராணவாயுக் குறைவினால் விளையும் சாவு பெரும்பாலும் விடியற்காலையில் நிகழும். மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். விரால், பனையேறி போன்ற காற்றுச் சுவாச மீன்கள் பிழைத்திருக்கும். நஞ்சினால் விளையும் சாவு எந்த நேரத்திலும் நிகழலாம். சிறியனவும் பெரியனவும், காற்றைச் சுவாசிப்பனவும் கூடச் சாகும். நத்தை, இறால், நீர்ப்பூச்சிகளும் மடியக்கூடும். மீன்கள் சாவதற்கு முன் துள்ளியும் சுழன்றும் நீந்தும். இவை வழிகாட்டும் அடையாளங்களே, முடிவான சான்றல்ல.

ஆகவே இடத்திலேயே உஷ்ணநிலை, பிராணவாயு, பி.எச். ஆகியவற்றை அளந்து, நேரத்தோடு குறிக்கவேண்டும். மீன் செத்த இடம், அதற்கு மேலே நீர் வரும் பக்கம், கீழே நீர் செல்லும் பக்கம் என மூன்று இடங்களில், தூய கண்ணாடிப் புட்டிகளில் நீர் எடுக்கவேண்டும். மேல்பக்கத்து நீரே களத்தின் ஒப்பீட்டுத் தொட்டியாகப் பயன்படும். புட்டிகளைப் பனிக்கட்டியில் வைத்து விரைவில் ஆய்வுச்சாலைக்கு அனுப்பவேண்டும். அழுகிய மீன் சோதனைக்கு உதவாது. உயிர் போகும் நிலையிலுள்ள அல்லது அப்பொழுதே இறந்த மீன்களையே எடுக்கவேண்டும். 1974-ல் அமைக்கப்பட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ளது. மாவட்ட அலுவலகங்களுக்கும் உடனே தெரிவிக்கலாம். தாமதித்தால் ஓடும் நீர் சான்றையும் கொண்டுபோய்விடும்.

வகுப்பறையில்

மீன் முதுகெலும்புள்ள பிராணி. அதனைக் கொண்டு நடத்தும் நச்சுச் சோதனை, உரிய அனுமதியும் பயிற்சியும் உள்ள ஆய்வுச்சாலைகளுக்கே உரியது. பள்ளி வகுப்பறைக்கு உரியதன்று. உலகெங்கும் மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. வரிக்குதிரை மீனின் கருமுட்டைகளைக் கொண்டு 96 மணி நேரத்தில் சோதிக்கும் முறை 2013-ல் சர்வதேச வழிமுறையாக ஏற்கப்பட்டது.

எனினும் இப்பாடத்தின் சாரத்தை மாணவர்கள் செய்து பார்க்க வழியுண்டு. சிறு வெங்காயத்தை நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையின் வாயில் வைத்து வேர்விடச் செய்யலாம். ஒரு குவளையில் வெறும் நீரும், மற்றவற்றில் மடங்கு மடங்காக உயரும் சமையல் உப்புக் கரைசலும் வைத்து, நான்கு நாட்களுக்குப் பின் வேரின் நீளத்தை அளக்கச் சொல்லலாம். வேரின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவை வரைபடத்திலிருந்து மாணவர்களே கண்டறிவர். குழாய்நீரிலும், கிணற்றுநீரிலும், மழைநீரிலும் இதையே செய்யச் சொன்னால், விடை ஒன்றாகவே இருக்குமா என்ற கேள்வி தானாக எழும். வெறும் நீர் வைத்த குவளையில் வேர் வளராவிட்டால் மற்றக் குவளைகளின் கணக்கு என்னவாகும் என்பதையும் ஆசிரியர் கேட்கலாம்.

ஒரு ரசாயனம் நஞ்சா, நஞ்சன்றா என்று மட்டும் கேட்பது முழுமையான கேள்வியன்று. எவ்வளவு, எவ்வளவு காலம், எந்த நீரில், எந்த உயிருக்கு என்னும் நான்கையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் களப்பணியாளரிடமும் மாணவரிடமும் வேரூன்றுமாயின், தெளிப்பானைக் குளத்தில் கழுவுவதற்கு முன் ஒரு கணம் நிற்கும் கைகளும் பெருகும்.